பேச்சிழந்தோரும் தனியாள் கணனியும்

வாயாற் பேச இயலாதவர் சிந்திக்கவும் இயலாதவர் என்னும் எண்ணம் நம்மிடையே இன்றும் அகலவில்லை. ‘ஊமை’ என்பதை நாம் வசைச்சொல்லாக வழங்குவதே இதற்குச் சான்று. சிந்தனைக்கும் ஒலியுறுப்புக்கும் இடையிலான வேறுபாட்டை உணர்வதற்கு இயற்பியலாளர் ஸ்டீபன் ஹோக்கிங் பயன்படுத்திய கணனியை நாம் நோக்கலாம்.

1985இல் நியூமோனியாக் காய்ச்சல் கண்ட ஹோக்கிங்கின் உயிரைக் காக்கும்பொருட்டு அவரது மூச்சுக்குழாயில் துளையிட நேர்ந்தது. இயக்க நரம்பணு நோயால் ஏலவே குழறிய பேச்சு அத்துடன் முற்றாக அற்றது. பிறர் அட்டையில் எழுத்துக்களைச் சுட்டிச்செல்ல, உரிய எழுத்து வந்ததும் புருவத்தை உயர்த்துவதே சிலகாலம் அவரது மொழியாயிற்று. பின்னர் கலிபோர்னியாவைச் சேர்ந்த வோல்ட் வோல்ற்றோஸ், ‘ஈக்குவலைசர்’ என்னும் தமது கணனிச் செய்நிரலை அவருக்கு வழங்கினார்.

அதன் இயங்குமுறை எளியது. திரையிலுள்ள எழுத்துக்களினதும் சொற்களினதும் வரிசைகளை ஒரு குறி தானாகவே கடந்து செல்லும். வேண்டிய வரிசையில் ஒருமுறையும் வேண்டிய சொல்லில் மறுமுறையும் கையிலுள்ள ஆளியை அழுத்தினாற் போதும். அமைந்த வாக்கியத்தைப் பேச்சுத் தொகுப்பி ஒலியாக்கும். இயங்கும் தசை ஒன்று எஞ்சியிருப்பின் மொழியும் எஞ்சும். ஹோக்கிங்கின் கை தளர்ந்த பிற்காலத்தில், மூக்குக்கண்ணாடியிற் பொருத்திய உணரி அவரது கன்னத்தசையின் அசைவையே ஆளியாக்கியது.

ஆயினும் வேகம் பெருஞ்சிக்கலாகும். இயல்பான உரையாடலில் நாம் நிமிடத்துக்கு நூறு சொற்களுக்கு மேல் பேசுகின்றோம். ஹோக்கிங் தொடக்கத்தில் எட்டியது சுமார் 15. அதுவும் இறுதியாண்டுகளில் ஓரிரு சொற்களாகச் சுருங்கியது. கேட்போர் பொறுமையிழந்து வாக்கியத்தைத் தாமே முடித்துவைப்பாராயின், எத்துணைச் சிறந்த கருவியும் பயனற்றதே. இக்குறையை நாம் பொறியியலின் தலையில் மட்டும் சுமத்திவிட இயலாது.

குரலும் கருதத்தக்கது. ஹோக்கிங்கின் செயற்கைக் குரல் ஆய்வாளர் டெனிஸ் கிளாட்டின் சொந்தக் குரலை அடிப்படையாகக் கொண்டது. சிறந்த குரல்கள் வந்த பின்னரும் ஹோக்கிங் அதனை மாற்றிக்கொள்ள விரும்பவில்லை. அது அவருடைய குரலாகவே ஆகிவிட்டது.

உலகப்புகழ் பெற்ற ஒருவருக்கு நிறுவனங்கள் உதவ முன்வந்தமை வியப்பன்று. வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு இவ்வாய்ப்பு எங்ஙனம் கிட்டும் என்பதே நமது வினா. ஹோக்கிங்குக்காக இன்ரெல் நிறுவனம் ஆக்கிய செய்நிரல் 2015இல் எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் கூடியவாறு வெளியிடப்பட்டது. ஆங்கிலத்தின் 26 எழுத்துக்களுக்கு ஏற்ற வரிசையைத் தமிழின் 247 எழுத்துக்களுக்கு அப்படியே நீட்டினால், குறி உரிய இடத்தைச் சேருமுன் பயனர் களைத்துவிடுவார். மெய் 18ஐயும் உயிர் 12ஐயும் வேறாக நிறுத்தின், உயிர்மெய் ஒவ்வொன்றும் இரு தெரிவுகளில் அமையும். நமது நெடுங்கணக்கு இத்தகைய பகுப்புக்கு ஏலவே இடந்தந்து நிற்கின்றது.