பழைய கத்திக்குப் புதுப் பிடி

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்குப் போய் வருகிறவர்கள் நமது தோட்டங்களிலும் இருக்கிறார்கள். திரும்பி வரும்போது பனையோலைப் பெட்டி, சுளகு, நீற்றுப்பெட்டி என்று ஏதாவது ஒன்று கையில் இருக்கும். அந்தப் பெட்டிக்கு ஓலை வார்வதற்கும் ஈர்க்கு நீக்குவதற்கும் தீவுப்பகுதிப் பெண்கள் ஒரு சின்னக் கத்தி வைத்திருப்பார்கள். அதற்குச் சத்தகம் என்று பேர். கம்மாலையில் அடித்த கரடுமுரடான கத்திதான், பார்க்க ஒரு அழகும் கிடையாது. ஆனாலும் அலகு தேய்ந்து பாதியாகும் வரை அதை எறிய மாட்டார்கள். பிடி போனால் பிடியை மாற்றுவார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. நெடுந்தீவில் இருக்கிற ஒருவர் யாழ்ப்பாணக் கடைக்குப் போக வேண்டுமானால், குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகில் வந்து, பிறகு பஸ் ஏற வேண்டும். கடற்காற்றில் இரும்பும் சீக்கிரம் துருப்பிடிக்கும். 1990களின் தொடக்கத்தில் போரினால் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பக்கத்துச் சனங்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தார்கள். குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடையும் இருந்த அந்தக் காலத்தில், கைவசம் இருந்த இரும்பைத் திருத்தித்தான் சமாளிக்க வேண்டியிருந்தது.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் நமது லயங்களில் இருக்கும் கத்திகள்தான். விறகு வெட்டும் கத்தி, புல்லறுக்கும் அரிவாள் எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி பிடி ஆடும், இல்லாவிட்டால் துணி சுற்றியிருக்கும். "கொஞ்சம் ஆடுது, பரவாயில்ல" என்று மழையில் ஈரக் கையோடு ஓங்கி வெட்டும்போது அலகு கழன்றால், அது நமது காலில் விழும், அல்லது பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் மேல் விழும். மொட்டைக் கத்தியை விட ஆடுகிற பிடிதான் ஆபத்து.

முதலில் அலகைப் பாருங்கள்

பழைய லொறி வில்லுத்தகட்டிலோ தேய்ந்த அரத்திலோ அடித்த கத்தியானால் அது நல்ல உருக்கு. பழைய பிடியைக் கழற்றிவிட்டு, அலகை ஒரு நூலில் தொங்கவிட்டுத் தட்டுங்கள். கணீரென்று சத்தம் வந்தால் நல்லது. 'டப்' என்று செத்த சத்தம் வந்தால் எங்காவது வெடிப்பு இருக்கலாம். அலகின் குறுக்கே வெடிப்பு இருந்தால் அந்தக் கத்தியை வைத்துவிடுங்கள், ஒட்டு வைக்க வேண்டாம்.

துருவுக்கு மண்ணெண்ணெய் பூசி ஒரு இரவு வைத்து, மறுநாள் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டுத் தேயுங்கள். தேயிலைச் சாறு பட்டுக் கறுப்பானதைப் பற்றிக் கவலை வேண்டாம். அலகைத் தின்பது சிவப்புத் துருதான்.

நெருப்பில் கவனம்

பிடிக்குள் போகிற வாலைச் சிவக்கக் காய்ச்சி மரத்தில் இறக்குவது பழைய முறை. இதில்தான் பல நல்ல கத்திகள் கெட்டுப் போகின்றன. வாலின் சூடு அலகுக்கு ஏறி, விளிம்பு நீல நிறமானால் உருக்கின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அதாவது ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் சூடு ஏறிவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. ஆகவே காய்ச்சுவதானால் அலகு முழுவதும் ஈரச்சாக்குச் சுற்றிக்கொள்ளுங்கள். சாணைச் சில்லில் பிடிக்கும்போதும் அடிக்கடி தண்ணீரில் தோயுங்கள்.

பிடி போடும் முறை

1. தீவுப்பகுதியில் பூவரசும் பனை வைரமும் கிடைக்கும். மலையில் கொய்யா நல்லது. அல்பீசியா, பைனஸ் போன்ற மெதுவான மரம் வேண்டாம். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் காயும்போது சுருங்கும், பிடி வெடிக்கும் அல்லது ஆடும்.

2. சிறு கத்திக்குப் பிடி 4 முதல் 5 அங்குலம் போதும். உருண்டையாகச் செதுக்காமல் முட்டை வடிவில் செதுக்குங்கள். அப்போது கைக்குள் உருளாது. கடைசிப் பக்கம் கொஞ்சம் தடித்திருந்தால் ஈரக்கையிலும் வழுக்காது.

3. வாலை விடச் சற்றுச் சிறிய துளை, மரத்தின் நார் ஓடும் பக்கமாகவே துறப்பணத்தால் போடுங்கள்.

4. வாய்ப்பக்கத்தில் பூண் இறுக்குங்கள். பூண் இல்லாத பிடி பிளந்துபோகும். பழைய தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு போதும்.

5. துளைக்குள் அரல்டைட் விட்டு வாலைத் தட்டி இறக்கி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வையுங்கள்.

6. பிடியைத் தேய்த்துச் சிலாம்பு போக்கித் தேங்காய் எண்ணெய் பூசுங்கள்.

பாவிக்கும் முன் அலகைத் தடித்த சாக்கில் சுற்றிப் பிடித்து, பிடியைப் பலமாக இழுத்துப் பாருங்கள். ஒரு நூல் அசைந்தாலும் மறுபடி கழற்றிப் போட வேண்டும்.

தோட்டம் கொடுத்த கவ்வாத்துக் கத்தியின் பிடி ஆடினால் துணி சுற்றிச் சமாளிக்காதீர்கள். வெளிக்கள உத்தியோகத்தரிடம் காட்டி, திருத்தி அல்லது மாற்றித் தரும்படி கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

வெட்டுப்பட்டால்

காயத்தைச் சுத்தத் துணியால் அழுத்தி இரத்தத்தை நிறுத்துங்கள். பிறகு சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். மண், சாணம், தேயிலைத் தூள் எதுவும் வைக்க வேண்டாம். "கத்தியில் துரு இல்லை, ஊசி தேவையில்லை" என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. ஏற்புவலிக் கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும். சுத்தமான கத்தி வெட்டினாலும் அந்தக் காயத்தில் மண் படலாம். ஆழமான காயமானால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய் ஏற்புத் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் கத்தியைத் துடைத்து எண்ணெய் தடவி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் செருகி வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி வீட்டில் உள்ள கத்திகளின் பிடிகளை எல்லாம் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.