செப்புக் காசின் மேல்முத்திரையும் துண்டுச் சீட்டும்

ஒருமுறை அச்சிட்டு வழங்கப்பட்ட காசின் மீது, அதனை உருக்காமலே, பிறிதொரு குறியையோ எண்ணையோ பொறித்தலை மேல்முத்திரையிடல் எனலாம். பழஞ் செப்புக் காசுகள் பலவற்றில் இதனைக் காண்கின்றோம். சேகரிப்பாளர்க்கு அஃது அரியதோர் அடையாளம். சமூக வரலாற்றை நோக்குவார்க்கோ அது வினா. உலோகம் மாறவில்லை, எடை கூடவில்லை. அவ்வாறாயின் மாறியது யாது?

ஆட்சி மாற்றமே எளிதிற் புலப்படும் காரணம். இலங்கையின் கரையோரத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, அவர்தம் வெள்ளித் தங்காக்கள் மீது தன் முத்திரையைப் பொறித்தது. புதுக்காசு அடிக்க உலோகமும் காலமும் வேண்டும். முத்திரைக்கு ஓர் உளியும் சம்மட்டியும் போதும்.

செம்பைப் பொறுத்தவரை காரணம் இன்னும் ஆழமானது. 1603 ஆம் ஆண்டில் ஸ்பானிய மன்னன் மூன்றாம் பிலிப்பு, பழைய செப்புக் கலப்புக் காசுகளை முத்திரையிட ஆணையிட்டான். இரண்டு மரவேடி நான்காயிற்று; நான்கு எட்டாயிற்று. காசைக் கொணர்ந்தவனுக்குப் பழைய பெறுமதியே மீண்டது. எஞ்சிய பாதி அரசனுடையது. 1636 இல் நான்காம் பிலிப்பு சில காசுகளை மும்மடங்காக்கினான். 1642 இல் செப்புக் காசின் பெறுமதி திடீரெனக் குறைக்கப்பட்டது. இக்கொள்கையைக் கண்டித்து 1609 இல் நூல் வெளியிட்ட மரியானா என்னும் இயேசு சபைத் துறவி சிறைப்பட்டார்.

வெள்ளி விடப்பட்டுச் செம்பு தெரிவுசெய்யப்பட்டது ஏன்? வெள்ளி நாடுகடந்து செல்லும். வணிகன் அதனை நிறுத்தே வாங்குவான். பொய் எண் அங்கு நிலையாது. செம்போ உள்நாட்டுச் சில்லறை. அதன் பெறுமதி உலோகத்தைவிட ஆணையிலேயே தங்கியது. கூலியைச் செம்பிற் பெற்று, உப்பையும் தானியத்தையும் செம்பாலேயே கொள்பவன் உழைப்பாளி. ஆகவே முத்திரையின் சுமை அவன் தலையிலேயே விழுந்தது. பணம் ஒரு பொருளன்று, ஒரு சமூக உறவு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

முத்திரையிடும் உரிமை அரசனோடு நின்றுவிடவுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கொழும்பின் கோப்பி நிறுவனங்கள் தம் பெயர் பொறித்த உலோக வில்லைகளைக் கூலிக் கணக்கிற்கு வழங்கின. மூலதனமே தனக்குரிய காசை அடித்துக்கொண்டது.

மலைநாட்டில் இவ்வுறவு மேலும் ஒரு படி சென்றது. வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடைப்பட்ட றொசல்ல முதலான பகுதிகளின் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், வழிச்செலவும் முன்பணமும் கடனாக எழுதப்பட்ட பின்னரே மலையேறினர். கங்காணியின் கூட்டம் வேறு தோட்டத்துக்குப் பெயரவேண்டின், பழைய தோட்டத்துத் துரை ஒரு துண்டு கொடுப்பார். இன்ன தொகை செலுத்தப்படின் இவர்களை விடுவிக்கலாம் என்பது அதன் பொருள். புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும். கடனோ தொழிலாளரைத் தொடரும். ஆட்களைப் பிடிக்கத் தோட்டங்கள் போட்டியிட்டபோது முன்பணம் பெருகியது, துண்டிலுள்ள எண்ணும் பெருகியது.

மேல்முத்திரைக் காசும் இவ்வாறே கைமாறியது: பொருள் அதுவே, எண் மட்டும் ஏறியது. வேறுபாடு ஒன்றுண்டு. ஸ்பானியாவில் எண் செம்பின் மீது விழுந்தது; இங்கு மனிதன் மீது விழுந்தது. காசு தன் எண்ணை உணராது. தொழிலாளி தன் எண்ணைச் சுமந்து மலையேறினான்.

1921 ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. எனினும், பழங்காசைக் கையிலெடுக்கும்போது அது எவ்வரசனுடையது எனக் கேட்பதோடு அமைதல் தகாது. எண்ணைப் பொறித்தவன் யார், அதன் விலையைக் கொடுத்தவன் யார் என்பனவே நாம் கேட்கவேண்டிய வினாக்கள்.