ஐந்தாம் மாத ஸ்கேன்

ரேணிகுண்டாவிலிருந்து ஏர்பேடு வழியாகக் காளஹஸ்தி போகும் ரயில் பாதையில், தண்டவாளத்துக்குள் ஒளிந்திருக்கும் விரிசலைக் காதுக்குக் கேட்காத ஒலியால்தான் தேடுகிறார்கள். கர்ப்பிணியின் வயிற்றில் வைக்கும் ஸ்கேனுக்கும் அதுதான் பிறந்த வீடு. 1955இல் கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு, உலோகத்தில் பழுது பார்க்கும் தொழிற்சாலைக் கருவி ஒன்றை, அறுவையில் எடுத்த கட்டிகளின் மேல் வைத்துப் பார்த்தார். திடமான கட்டி ஒரு விதமாகவும் நீர்க்கட்டி வேறு விதமாகவும் எதிரொலித்தன. பிறகு, இரைப்பைப் புற்று முற்றிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருப்பது சினைப்பை நீர்க்கட்டிதான் என்று அந்த எதிரொலி காட்டிக்கொடுத்தது. கட்டியை எடுத்தார்கள், அவர் பிழைத்தார். பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மக்விகர் ஆகியோருடன் டொனால்டு 1958இல் லான்செட் இதழில் இதையெல்லாம் எழுதினார்.

வயிற்றில் நகர்த்தும் கைப்பிடியின் முனையில் ஒரு பீங்கான் வகைப் பொருள் இருக்கிறது. மின்சாரம் பட்டால் அது அதிரும். அதிர்வு வந்து மோதினால் மின்சாரம் தரும். நொடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலி உடலுக்குள் நொடிக்கு 1,540 மீட்டர் வேகத்தில் போய்த் திரும்புகிறது. திரும்பி வர எடுத்த நேரத்திலிருந்து ஆழத்தைக் கணக்கிட்டு, கருவி புள்ளி புள்ளியாகப் படம் வரைகிறது. பனிக்குட நீர் எதிரொலிக்காது, ஆகவே கறுப்பு. எலும்பு பலமாக எதிரொலிக்கும், ஆகவே வெள்ளை. காற்று குறுக்கே வந்தால் ஒலி உள்ளேயே போகாது. அதற்காகத்தான் அந்தக் குளிர்ந்த ஜெல்லைப் பூசுகிறார்கள். ஆரம்ப மாதங்களில் தண்ணீர் குடித்துவிட்டுச் சிறுநீரை அடக்கிக்கொண்டு வரச் சொல்வதும் வீண் தொல்லை இல்லை. நிறைந்த சிறுநீர்ப்பை, காற்றடைந்த குடலை ஒதுக்கிவிட்டுக் கருப்பைக்கு வழி விடுகிறது. எக்ஸ்ரே மாதிரிக் கதிர் எதுவும் இதில் கிடையாது. ‘அடிக்கடி எடுத்தால் பிள்ளைக்கு ஆகாது’ என்று பயந்து, தேவையான ஸ்கேனைத் தவிர்க்க வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது தாமதத்துக்குத்தான். குடிமல்லத்திலிருந்தோ பாப்பாநாயுடுபேட்டையிலிருந்தோ காளஹஸ்திக்கோ திருப்பதிக்கோ போய்வர ஒரு நாள் கூலி போகும். துணைக்கு ஆள் வேண்டும். வயிறு தெரியட்டும், எட்டாம் மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அதனால்தான். ஆனால் எட்டாம் மாதத்து ஸ்கேன், மூன்றாம் மாதத்து ஸ்கேனின் வேலையைச் செய்யாது. முதல் மூன்று மாதங்களில் எல்லாச் சிசுக்களும் ஏறக்குறைய ஒரே அளவில் வளர்கின்றன. தலை முதல் பிட்டம் வரை அளந்தால் பிரசவ தேதியை ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடலாம். கடைசி மாதங்களில் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு பருமன். கணக்கு மூன்று வாரம்கூடத் தவறும். பிள்ளை வளராமல் சிறுத்திருக்கிறதா, நாள்தான் தப்பா என்று அப்போது பிரித்துச் சொல்வது கடினம்.

18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஐந்தாம் மாத ஸ்கேன் இன்னும் முக்கியம். இதயத்தின் நான்கு அறைகள், முதுகுத்தண்டு, மூளை, உதடு, சிறுநீரகம் எல்லாம் பார்க்கும் அளவுக்கு அப்போது வளர்ந்திருக்கும். பெரிய குறை ஏதாவது தெரிந்தால் பெரிய மருத்துவமனைக்குப் போகவும், குடும்பம் யோசித்து முடிவெடுக்கவும் அவகாசம் இருக்கும். கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்ட பிறகும், 24 வாரம் தாண்டினால் மருத்துவக் குழு முன் போக வேண்டும். குறைந்தது ஒரு ஸ்கேனாவது 24 வாரத்துக்குள் எடுக்கப்பட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2016இல் சொல்லியிருக்கிறது. இந்த ஸ்கேன் எல்லாக் குறைகளையும் காட்டிவிடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பதிவு பெறாத இடத்தில் இந்தக் கருவியை இயக்கவும் கூடாது. பெண் சிசுக்களைக் காப்பாற்ற இந்தக் கட்டுப்பாடு வேண்டும். ஆனால் இதனால் கருவி ஊரைத் தேடி எளிதில் வராது; கர்ப்பிணிதான் அதைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கென்றே இலவசப் பரிசோதனை நடக்கிறது. எந்த வாரத்தில் எங்கே ஸ்கேன் என்று ஆஷா ஊழியரிடம் மூன்றாம் மாதத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

ரிப்போர்ட்டைப் பார்த்துத் தூக்கம் தொலைக்கும் பெண்களுக்கு இரண்டு செய்தி. ஐந்தாம் மாதத்தில் ‘நஞ்சு கீழே இருக்கிறது’ என்று வந்தால், கருப்பை வளர வளரப் பெரும்பாலானோருக்கு அது மேலே போய்விடும். 32 வாரத்தை ஒட்டி மறுபடி பார்ப்பார்கள். ‘கொடி சுற்றியிருக்கிறது’ என்பதும் ஏறக்குறைய நான்கு பிரசவத்தில் ஒன்றில் இருப்பதுதான். அது மட்டுமே ஆபரேஷனுக்குக் காரணமாகாது.

முதல் ஸ்கேன் தாளைப் பத்திரமாக வைத்திருந்து பிரசவத்துக்குப் போகும்போது எடுத்துப் போங்கள். அடுத்தடுத்த ஸ்கேன்களில் வேறு தேதி அச்சாகி வந்தாலும், நாள் கடந்துவிட்டதா, வலி வர மருந்து கொடுக்கலாமா என்று மருத்துவர் முடிவு செய்வது அந்த முதல் தேதியை வைத்துத்தான்.