பர்மிட்: பெயரா, வினையா?

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் கடற்கரைச் சாலையில் கோட்டுச்சேரியைத் தாண்டினால் பூவம். ஊர் முடியும் இடத்தில் நண்டலாறு. ஆற்றுக்கு இக்கரை புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம், அக்கரை தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டம். பாலத்தைக் கடக்க அதிக நேரம் ஆகாது. ஆனால் அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் வாகன வரி மாறுகிறது, மதுவின் விலை மாறுகிறது, சோதனை செய்கிற காவலர்களின் மாநிலமும் மாறுகிறது. பிஒய் 02 என்ற எண்பலகையோடு வடக்கே போகிற வாடகை வேனின் ஓட்டுநருக்கு இதெல்லாம் மனப்பாடம். "பர்மிட் போட்டாச்சா?" "லைசென்ஸ் கையில இருக்கா?" "பொறையாறு பக்கம் செக்கிங் நிக்கிறாங்களாண்ணே?" எல்லைப்புறத்து ஊர்களில் எவருக்கும் புதிதல்லாத கேள்விகள் இவை.

பர்மிட், லைசென்ஸ், செக் ஆகிய மூன்று சொற்களுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றும் பெயராகவும் நிற்கும், வினையாகவும் நடக்கும். தமிழர் வாயில் மூன்றும் பெயராக மட்டுமே வாழ்கின்றன. ஆங்கிலம் கற்கும் தமிழ்ப் பிள்ளைகள் தடுமாறும் இடங்களில் பல இந்த வேறுபாட்டுக்குள்தான் இருக்கின்றன. அதைச் சரிசெய்யும் சாவியும் தமிழ் இலக்கணத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதை வகுப்பறைகள் இன்னும் கவனிக்கவில்லை.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். வாடகை வாகனங்களுக்கும் சரக்கு வாகனங்களுக்கும் பர்மிட் தேவை என்று சொல்வது அதன் 66-ஆம் பிரிவு. பர்மிட்டின் நிபந்தனைகளுக்கு உட்பட்டாலன்றி எந்த உரிமையாளரும் தன் வாகனத்தைப் பொது இடத்தில் போக்குவரத்து வாகனமாகப் பயன்படுத்தவும் கூடாது, பயன்படுத்த அனுமதிக்கவும் கூடாது என்பது அதன் சாரம். ஆங்கில மூலத்தில் இந்த ஒரே வாக்கியத்துக்குள் 'பர்மிட்' இரண்டு முறை வருகிறது. ஒன்று 'அனுமதிப்பது' என்னும் வினை. மற்றொன்று கையில் வைத்திருக்க வேண்டிய தாள், அதாவது பெயர். 'யூஸ்' என்ற சொல்லும் அப்படியே, வினையாகவும் வருகிறது, பெயராகவும் வருகிறது. எழுத்தில் எந்த வேறுபாடும் இல்லை. ஆனால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவர் அந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படித்தால் இரண்டு பர்மிட்டும் இரண்டு விதமாக ஒலிக்கும், யூஸும் வினையில் ஒரு விதமாக, பெயரில் வேறு விதமாக ஒலிக்கும். சட்டம் எழுதியவர் பயிற்சித்தாளுக்காக எழுதவில்லை என்றாலும் இதைவிட நல்ல பயிற்சி வாக்கியம் கிடைப்பது அரிது.

தமிழில் என்ன நடக்கிறது? வெளியிலிருந்து வரும் சொல்லை முதலில் பெயராக்கிக்கொள்வது நம் வழக்கம். ஆங்கிலத்தில் அது வினையே ஆனாலும் சரி. 'அட்ஜஸ்ட்', 'அலவ்' ஆகியவை அங்கே வினைகள். இங்கே 'அட்ஜஸ்ட் பண்ணு', 'அலவ் பண்ணு' என்று துணைக்கு ஒரு தமிழ் வினையைச் சேர்த்த பிறகுதான் வாக்கியத்தில் இடம் தருகிறோம். அந்தத் துணைவினையும் எல்லாச் சொல்லுக்கும் ஒன்றல்ல. பர்மிட்டை 'எடுப்பார்கள்' அல்லது 'போடுவார்கள்'. லைசென்ஸை 'எடுப்பார்கள்', 'வாங்குவார்கள்'. செக் 'பண்ணுவார்கள்'. அரசு அலுவலகங்களில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப 'பர்மிஷன் போடுவார்கள்'. இந்தத் தேர்வை எந்தப் பள்ளியும் கற்றுத் தருவதில்லை. ஆனால் யாராவது 'பர்மிஷன் எடுத்துட்டுக் கிளம்பிட்டேன்' என்று சொன்னால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

இதற்கு முன் வந்த விருந்தாளிச் சொற்களை இன்னொரு விதமாக நடத்தியிருக்கிறோம். வடமொழியிலிருந்து வந்தவற்றோடு இகரத்தை ஒட்டி நேராகவே வினையாக்கினோம். தியானத்திலிருந்து தியானி, உபதேசத்திலிருந்து உபதேசி, சிந்தனையிலிருந்து சிந்தி. ஆங்கிலச் சொல்லுக்கு அந்த உரிமையை நாம் தரவில்லை. 'செக்கினான்' என்று யாரும் சொல்வதில்லை. காரைக்காலில் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இருந்த பிரெஞ்சுக்கும் அதே கதிதான். 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பர் 1-இல் இந்தியாவோடு நடைமுறையில் இணைந்த ஊர் இது. 'கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்து' என்ற பெயரில் இன்றும் ஒரு பிரெஞ்சுச் சொல் அரசுப் பலகையில் இருக்கிறது, பெயராக மட்டும்.

எனவே ஆங்கில வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு 'பர்மிட்' ஏற்கெனவே தெரிந்த சொல். தெரிந்தது பெயர் மட்டும் என்பதுதான் சிக்கல். அந்தப் பிள்ளை வினையைச் சொல்லும்போதும் பெயரின் ஒலியிலேயே சொல்கிறது. அறிவுரை என்ற பொருளில் 'அட்வைஸ்' என்று பெயரை எழுத வேண்டிய இடத்தில் வினையின் எழுத்துக்கூட்டலை எழுதுகிறது, வினை வரும் இடத்தில் பெயரின் எழுத்துக்கூட்டலை எழுதிக் கடந்தகால விகுதியையும் ஒட்டிவிடுகிறது. 'ஒரு அட்வைஸ்' என்று எண்ணிக்கையும் சேர்த்துக்கொள்கிறது. தமிழில் ஒரு அறிவுரை, பத்து அறிவுரை என்று எண்ணலாம். ஆங்கிலத்தில் அந்தப் பெயரைத் தண்ணீரைப் போல எண்ணாமல்தான் பேச வேண்டும். சாலையில் சோதனை நடப்பதற்கு நாம் வைத்த பெயர் 'செக்கிங்'. ஷூட்டிங், பார்க்கிங் என்ற வரிசையில் நாமே அமைத்துக்கொண்டது. ஆங்கிலேயர் அந்த இடத்தில் வெறும் 'செக்' என்ற பெயரையே வைப்பார்.

சரியான ஒலி எது? 'பர்மிட்' பெயராக வரும்போது பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அழுத்தம் முதல் அசையில் விழும். 'பெர்' ஓங்கி நீளும், 'மிட்' தணியும். வினையாக வரும்போது முதல் அசை சுருங்கி, ஏறக்குறைய 'பமிட்' என்று பின்னசை ஓங்கும். அமெரிக்கர்களில் பலர் பெயரையும் பின்னசை ஓங்கச் சொல்வதுண்டு. அகராதிகள் இரண்டையும் தருகின்றன. 'ரெக்கார்ட்' இன்னும் தெளிவான சான்று. பதிவேடு என்னும் பெயர் 'ரெக்' என்று தொடங்கும். பதிவு செய் என்னும் வினை 'ரிக்' என்று தொடங்கி, 'கார்ட்' என்பதில் ஓங்கும். இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட், கான்ட்ராக்ட், ப்ரொடெஸ்ட், ஆப்ஜெக்ட், பிரசென்ட் எல்லாம் இதே குடும்பம். 2009-இல் இயங்கத் தொடங்கிய காரைக்கால் துறைமுகத்தின் கணக்கேடுகளில் முதல் மூன்றும் இல்லாத பக்கம் இருக்காது.

இந்தக் குடும்பம் ஒரே நாளில் உருவானதல்ல. டொனால்டு ஷெர்மன் என்ற மொழியியலாளர் 1975-இல் பழைய ஆங்கில அகராதிகளைப் புரட்டி இதைத் தேடியிருக்கிறார். 1570 வாக்கில் இப்படிப் பெயருக்கும் வினைக்கும் அழுத்தம் மாறும் சொற்கள் மூன்றுதான்: அவுட்லா, ரெபல், ரெக்கார்ட். 1582-க்குள் எட்டு, 1660-க்குள் இருபத்து நான்கு, 1934-இல் சுமார் நூற்றைம்பது. ஆங்கிலம் பேசுவோர் தம்மை அறியாமலே ஒவ்வொரு சொல்லாக இந்த வரிசையில் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். பெயரென்றால் தலை கனக்கும், வினையென்றால் வால் கனக்கும் என்பதே வரிசையின் விதி.

இந்த விதி தமிழ்ப் பிள்ளைக்கு அந்நியமா? இல்லவே இல்லை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் தொழிற்பெயரைச் சொல்லும்போது காட்டும் வகைகளில் இரண்டு நமக்கு வேண்டியவை. முதலாவது முதனிலைத் தொழிற்பெயர். 'அடி' என்ற வினைப்பகுதி எந்த மாற்றமும் இல்லாமல் 'அவனுக்கு அடி விழுந்தது' என்று பெயராகிவிடும். 'உரை', 'தட்டு' என்பனவும் அப்படியே. ஆங்கில 'செக்' இந்த ரகம். பெயரிலும் வினையிலும் ஒரே வடிவம், ஒரே ஒலி. இரண்டாவது முதனிலை திரிந்த தொழிற்பெயர். கெடு என்ற வினை கேடு என்ற பெயராகிறது. சுடு சூடாகிறது. பெறு பேறாகிறது. படு பாடாகிறது. கவனியுங்கள், எங்கே மாற்றம் நடக்கிறது? முதல் எழுத்தில். பெயரானதும் முதல் குறில் நெடிலாகிக் கனத்துவிடுகிறது. 'பமிட்' என்னும் வினை 'பெர்மிட்' என்னும் பெயராவதும் 'சுடு' 'சூடு' ஆவதும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை அல்ல. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இதில் உறவு இல்லை. ஆனால் நாவுக்கும் நினைவுக்கும் இது போதும். 'சூடு, கேடு, பேறு என்பதைப் போலப் பெயருக்கு முதலசையைக் கனக்கச் சொல்' என்று ஒரே ஒரு முறை சொன்னால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த நூற்றைம்பது சொல்லும் ஒரு கட்டுக்குள் வந்துவிடும்.

அடுத்தது யூஸ். இதன் வேறுபாடு அழுத்தத்தில் இல்லை, கடைசி மெய்யில் இருக்கிறது. பெயராக வரும்போது நம் 'ஸ்' போலவே வெறும் காற்றாக முடியும். வினையாக வரும்போது அதே ஒலி தொண்டை அதிர முடியும். குரல்வளையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் அதிர்வு விரலுக்குத் தெரியும். அட்வைஸ், எக்ஸ்கியூஸ், அப்யூஸ், ஹவுஸ் எல்லாம் இந்த வழியில்தான். 'அட்ரஸ் புரூஃப்' கேட்காத அலுவலகம் இல்லை. புரூஃப் பெயர், 'ஃப்' காற்றாக முடிகிறது. நிரூபி என்ற வினை 'புரூவ்', தொண்டை அதிர்கிறது. நம்பிக்கை 'பிலீஃப்', நம்பு 'பிலீவ்'. பெயரில் வன்மை, வினையில் அதிர்வு.

இதற்கும் தமிழில் இணை உண்டு, அதைப் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் முன்பே கற்றுவிடுகிறார்கள். பாடு என்ற வினையில் டகரம் மென்மையாக, அதிர்வோடு ஒலிக்கிறது. பாட்டு என்ற பெயரில் அது இரட்டித்து, அதிர்வின்றி வன்மையாகிறது. எழுது, எழுத்து. ஓடு, ஓட்டம். தமிழில் ஆட்டு, ஓட்டு என்று இரட்டித்த வினைகளும் உண்டு. அவை பிறவினை, வேறு கணக்கு. ஆனால் எழுதுவதற்கும் எழுத்துக்கும் இடையே நாக்கு செய்யும் மாற்றத்தை உணர்ந்தவருக்கு அட்வைஸ் என்ற வினைக்கும் பெயருக்கும் இடையே உள்ள மாற்றம் புதிராக இருக்கத் தேவையில்லை.

தமிழாசிரியர் இரண்டாம் பாட வேளையில் தொழிற்பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார். ஆங்கில ஆசிரியர் மூன்றாம் பாட வேளையில் அழுத்தம் மாறும் சொற்களைப் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார். இருவரும் ஒரே அறையில், ஒரே கரும்பலகையில் சொல்லித் தரும் ஒரே செய்தி இது என்று பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அண்மையில் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்ட நிலையில் இந்த இடைவெளியை நிரப்புவது இன்னும் அவசரமாகிறது. தாய்மொழி அறிவைக் கதவுக்கு வெளியே செருப்பைப்போல் விட்டுவிட்டு வரச் சொல்லும் ஆங்கில வகுப்பு, பிள்ளையின் கைமுதலைப் பறித்துக்கொண்டு கடன் கொடுக்கிறது.

நண்டலாற்றுக்கு வடக்கே சில கிலோமீட்டரில் தரங்கம்பாடி. இதே வேலையை எதிர்த்திசையிலிருந்து செய்தவர்கள் வாழ்ந்த ஊர். 1706-இல் அங்கே வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு தமிழ் கற்று, லத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. தமக்குப் பழகிய லத்தீன் இலக்கணச் சட்டத்துக்குள் தமிழ்ப் பெயரையும் வினையையும் அடுக்கிப் புரிந்துகொள்வதே அவர் வழி. பிறகு வந்த பப்ரீசியஸின் தமிழ்-ஆங்கில அகராதி தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் வழியாகப் பல பதிப்புகள் கண்டது. அதில் பெயராகவும் வினையாகவும் வரும் தமிழ்ச் சொற்களைத் தனித்தனிப் பதிவுகளாகப் பிரித்துக் காட்டியிருப்பதைப் பார்க்கலாம். தெரிந்த மொழியைப் பிடித்துக்கொண்டு தெரியாத மொழிக்குள் இறங்குவதில் அவர்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை.

மீதி இருப்பது லைசென்ஸ். இதில் பெயருக்கும் வினைக்கும் ஒலியில் வேறுபாடே இல்லை. எழுத்தில் மட்டும் உண்டு. பிரிட்டிஷ் முறையில் பெயருக்குக் கடைசியில் 'சி', வினைக்கு 'எஸ்'. இந்தியச் சட்டம் இந்த முறையை விடாமல் பின்பற்றுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு ஓட்டுநர் உரிமத்தைச் சொல்லும்போது 'சி' போட்டு எழுதுகிறது, அதே சட்டம் பிற இடங்களில் உரிமம் வழங்கும் அதிகாரியைக் குறிக்கும்போது 'எஸ்' போட்டு எழுதுகிறது. 1959-இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கிய ராஜாஜி அன்றைய பொருளாதாரக் கட்டுப்பாடுகளை 'லைசென்ஸ்-பர்மிட் ராஜ்' என்று கண்டித்தபோது இரண்டும் பெயர்ச்சொற்களே. பயிற்சி என்னும் பிராக்டிஸும் இதே வகை, பெயருக்கு 'சி', வினைக்கு 'எஸ்'.

அமெரிக்கர்கள் இதைச் சுருக்கிக்கொண்டார்கள். லைசென்ஸுக்கு இரண்டிடத்திலும் 'எஸ்', பிராக்டிஸுக்கு இரண்டிடத்திலும் 'சி'. இன்றைய குழப்பத்துக்குப் பெருங்காரணம் இதுதான். பயிற்சி மையப் பலகை ஒரு விதமாகவும், அரசு அட்டை வேறு விதமாகவும் எழுத, பிள்ளை இரண்டையும் பார்க்கிறது. கணினியில் ஆங்கில மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால், இந்தியச் சட்டம் எழுதும் சரியான எழுத்துக்கூட்டலின் கீழேயே சிவப்புக் கோடு விழும். தட்டச்சு செய்பவர் பயந்து 'சி'யை 'எஸ்' ஆக்கிவிடுவார். விண்ணப்பம், மனு, தேர்வுக் கட்டுரை என்று எதையும் கணினியில் எழுதும் முன் மொழி அமைப்பில் இந்திய ஆங்கிலம் அல்லது பிரிட்டிஷ் ஆங்கிலத்தைத் தேர்ந்துவிட்டால் அந்தக் கோடு வராது.