மலிவான கார் எது?

இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் எம்.ஜி.பி. மொத்தம் 500,000க்கும் மேற்பட்ட கார்கள் உருவாக்கப்பட்டதால், பிரிட்டனில் பழைய கார்களை விரும்புவோர் பலர் இன்றும் இதையே தேடுகின்றனர். ஆனால், விலை குறைந்த கார் எல்லாம் மலிவான கார் ஆகிவிடாது.

வாங்க வருபவர் பெரும்பாலும் எஞ்சினையே முதலில் கவனிப்பார். இதன் 1,798 சி.சி. எஞ்சின் எளிய அமைப்புடையது. உதிரிபாகங்களும் எளிதில் கிடைப்பதால், பல பழுதுகளை உரிமையாளரே வீட்டில் சரிசெய்யலாம்.

உண்மையான எதிரி துருதான். இந்தக் காருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை; உடற்பகுதியே பாரத்தைத் தாங்குகிறது. கூரையில்லாத வகையில், கதவுகளுக்குக் கீழே உள்ள எஃகுப் பகுதிகளே காருக்குப் பெரும் பலம். மழைநீரும் குளிர்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பும் அவற்றை அரிக்கின்றன. அரிக்கப்பட்ட பகுதியை வெட்டியெடுத்துப் புதிய தகட்டைப் பற்றவைக்கும் செலவு, காரின் விலையையே மிஞ்சக்கூடும்.

சிலர் துருவைப் பசையால் அடைத்து, மேலே சாயம் பூசிவிடுவர். அங்கே ஒரு சிறிய காந்தத்தை வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். எஃகில் காந்தம் ஒட்டும். தடித்த பசைப்பூச்சின்மேல் ஒட்டாது.

வாங்கிய பின் பராமரிப்பும் முக்கியம். எண்ணெயை உரிய காலத்தில் மாற்றி, காரை ஈரமில்லாத இடத்தில் நிறுத்தினால் பெருஞ்செலவைத் தவிர்க்கலாம். மேலும், பிரிட்டனில் 40 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு விண்ணப்பித்துச் சாலைவரி விலக்குப் பெறலாம்.

ஆகவே, பளபளக்கும் சாயத்தைவிட உறுதியான உடற்பகுதிக்கே பணம் கொடுக்க வேண்டும். சற்று விலை கூடினாலும், துருவில்லாத காரே முடிவில் மலிவானது.