பந்து துள்ளும் வித்தை

2007-ஆம் ஆண்டு முதல் நம் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் 'உப்பின் இப்பின்' கணினியில் உருவான படம். உயிரற்ற உருவங்கள் அதில் எப்படி ஓடியாடுகின்றன?

திரைப்படத்தில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அக்காலத்தில் தலைமை ஓவியர் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார்; இடைப்பட்ட படங்களை உதவியாளர்கள் வரைந்து நிரப்புவர். இன்று அவ்வேலையைக் கணினியே செய்கிறது. அந்த முக்கிய நிலைக்குத்தான் 'கீஃபிரேம்' என்று பெயர்.

பந்து ஒன்று விழுவதாகக் கொள்வோம். உச்சியில் ஒரு கீஃபிரேம், தரையில் மற்றொன்று. இடையே 24 படங்கள் இருந்தால் பந்து ஒரு விநாடியில் விழும். 12 ஆகக் குறைத்தால் அரை விநாடிதான். ஆனால் ஒரே வேகத்தில் இறங்கினால் கயிற்றில் கட்டி இறக்கியது போலிருக்கும். ஆகவே வேகக் கோட்டை வளைத்து, உச்சியில் மெதுவாகவும் தரையருகே விரைவாகவும் அமைக்க வேண்டும். அது இரும்புக் குண்டா, ரப்பர்ப் பந்தா என்பதைக் கணினி அறியாது. உற்றுப் பார்த்துப் பழகிய கண்தான் அறியும்.

பெற்றோர்களே! 'பிளெண்டர்' என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பிள்ளை கணினிமுன் அமர்ந்தால் விளையாட்டென்று விரட்டிவிடாதீர்கள். என்ன செய்கிறான் என்று கேளுங்கள். இதுவும் சோறு போடும் கைத்தொழிலே!