எண்ணெய்க்கும் ஒரு சட்டம்

பலகாரக் கடையில் வெள்ளையாக, கெட்டியாக ஒரு கொழுப்பைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் வனஸ்பதி. ஊர்ப் பேச்சில் டால்டா. அது நெய்யைவிட விலை குறைவு. சீக்கிரம் கெடாது. பலகாரம் மொறுமொறுப்பாக வரும். அதனால் ஏழை வீட்டுப் பண்டிகைக்கும் அது வந்தது. பேக்கரியில் பப்ஸ், பிஸ்கட் செய்யவும் பயன்பட்டது.

வனஸ்பதி எப்படி உண்டாகிறது?

ஆலையில் தாவர எண்ணெயைச் சூடாக்குவார்கள். அதில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்துவார்கள். எண்ணெய் கெட்டியாகும். அப்போது ஒரு வகைக் கொழுப்பும் அதில் உண்டாகிறது. அதுதான் டிரான்ஸ் கொழுப்பு.

இது இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டுகிறது. நல்ல கொலஸ்டிராலைக் குறைக்கிறது. வாய்க்காலில் வண்டல் படிவது போல, இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய்களில் கொழுப்பு படிகிறது. குழாய் அடைபட்டால் மாரடைப்பு வருகிறது. டிரான்ஸ் கொழுப்பால் உலகில் ஆண்டுக்கு 5 லட்சம் பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் கூறியது.

நாம் கவனமாக இருந்தால் போதாதா?

போதாது. டிரான்ஸ் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாது. நிறமோ, மணமோ, ருசியோ அதைக் காட்டிக் கொடுக்காது. கடையில் வாங்கும் பலகாரத்தில் அது எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாது. பல நேரம் விற்பவருக்கும் தெரியாது. ஆகவே ஆலையிலேயே அதைக் குறைக்க வேண்டும். அதற்குச் சட்டம் வேண்டும்.

டென்மார்க் நாடு 2003-ஆம் ஆண்டில் இதைச் செய்தது. 100 கிராம் கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு 2 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதித்தது.

இந்தியாவில் கேட்டவர்கள் யார்?

டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் என்ற அமைப்பு உள்ளது. இது அரசு அமைப்பு அல்ல. லாபத்துக்காக நடப்பதும் அல்ல. 2009-ஆம் ஆண்டில் இந்த அமைப்பு, கடைகளில் விற்ற எண்ணெயையும் வனஸ்பதியையும் வாங்கிச் சோதித்தது. வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு டென்மார்க் அளவைப் போலப் பல மடங்கு இருந்தது. அன்று நம் நாட்டில் இதற்கு வரம்பு எதுவும் இல்லை. அந்த அமைப்பு சோதனை முடிவை ஊரறியச் சொன்னது. வரம்பு வேண்டும் என்று கேட்டது. நுகர்வோர் அமைப்புகளும் மருத்துவர்களும் குரல் கொடுத்தார்கள்.

வரம்பு ஒரே நாளில் வரவில்லை. படிப்படியாக வந்தது. 2011-ஆம் ஆண்டு விதி, 100 கிராம் கொழுப்பில் 10 கிராம் வரை அனுமதித்தது. 2016-இல் அது 5 கிராம் ஆனது. 2021 ஜனவரியில் 3 கிராம் ஆனது. 2022 ஜனவரியில் 2 கிராம் ஆனது. எண்ணெய்க்கு மட்டும் அல்ல, எண்ணெயும் கொழுப்பும் சேர்த்துச் செய்யும் தின்பண்டங்களுக்கும் இன்று இந்த வரம்பு உண்டு.

இனி நம் பங்கு என்ன?

சட்டம் வந்ததால் வனஸ்பதி நல்ல உணவு ஆகிவிடவில்லை. அதில் இதயத்துக்கு ஆகாத வேறு கொழுப்பும் உள்ளது. குறைவாகவே உண்ண வேண்டும். காய்ந்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும் கெடுதல்.

பொட்டலத்தில் டிரான்ஸ் கொழுப்பின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். வாங்கும் முன் அதைப் படித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இன்னொரு வழியும் உண்டு. வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி உணவைச் சோதிக்கச் செய்யலாம். குற்றம் தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

ஓர் அமைப்பு சோதித்தது. பலர் சேர்ந்து கேட்டார்கள். சட்டம் வந்தது. அது தாளில் கிடக்காமல் நடைமுறைக்கு வர, வாங்குபவரும் கேள்வி கேட்க வேண்டும்.